மதிலுக்கு வெளியே வந்து நின்ற வாசகர்கள்

1989இல் லண்டனில் வெளியான ஒரு புத்தகத்துக்குப் பதிப்பாளர் போட்ட முதல் கணக்கு 3,000 பிரதி. விளம்பரத் துறையை விட்டுவிட்டு, தென் பிரான்ஸின் லுபெரோன் மலையடிவாரத்தில் பழைய கல் வீடு ஒன்றை வாங்கிக் குடியேறிய பீட்டர் மெய்ல் அங்கே எழுதப் போனது ஒரு நாவல். கொத்தனாரும் பிளம்பரும் வீட்டுக்குள் புகுந்துவிட்டதால் நாவல் நகரவில்லை. ஏன் நகரவில்லை என்று தன் இலக்கிய முகவருக்கு அவர் விளக்கிக் கடிதம் எழுத, அதையே புத்தகமாக எழுதச் சொல்லிப் பதில் வந்தது. அப்படிப் பிறந்த ‘புரொவான்ஸில் ஓராண்டு’ பல மொழிகளில் லட்சக்கணக்கில் விற்றது. பிறகு வாசகர்கள் வீட்டுக்கே வரத் தொடங்கினார்கள். கையெழுத்து கேட்டார்கள், படம் எடுத்தார்கள், சிலர் அழைக்காமலே உள்ளே வந்தார்கள். கடைசியில் எழுத்தாளர் வீட்டை விற்றுவிட்டு அமெரிக்காவின் லாங் ஐலண்டில் போய்ச் சில ஆண்டுகள் இருந்தார். திரும்பி வந்தபோது பழைய ஊரான மெனெர்ப் பக்கம் போகவில்லை. மலைக்குத் தெற்கே லூர்மாரனில் குடியேறினார்.

சொந்த நாட்டை விட்டு இன்னொரு நாட்டின் கிராமத்தில் குடியேறியவர் எழுதும் அனுபவ நூல் ஆங்கிலத்தில் தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. அவற்றுக்கு வரும் எதிர்வினைகளும் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகின்றன. மழையும் குளிருமாக இருக்கும் தன் ஊரில் உட்கார்ந்து படித்தவர், உடம்பில் வெயில் பட்டது போல இருந்தது என்பார். கதை நடக்கும் வட்டாரத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் வெளிநாட்டவர், ஊரைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்பார். அந்த மண்ணில் பிறந்தவர், எங்களைக் கோமாளி ஆக்கிவிட்டார் என்பார். நான்காவது ஒருவர் உண்டு. அவர் எதுவும் சொல்லமாட்டார், வீடு பார்க்கக் கிளம்பிவிடுவார். நான்கு பேரும் படித்தது ஒரே பக்கம். ஆசிரியர் பொய் எழுதினார் என்று அவர்களில் யாரும் பெரிதாக வாதாடுவதில்லை. அவர் எழுதாமல் விட்ட மூன்று விஷயங்களில்தான் தகராறு: பணம், பத்திரம், பக்கத்து வீட்டுக்காரர் தன் வாயால் சொல்லியிருக்கக்கூடிய கதை.

இதை ஓர் இடத்தில் கிட்டே நின்று பார்க்கலாம். மெய்லின் நூல் மாதத்துக்கு ஓர் அத்தியாயமாகப் போகிறது. புத்தாண்டு மதிய விருந்தில் தொடங்கி கிறிஸ்துமஸில் முடிகிறது. நடுவில் வீட்டு வேலை இழுத்துக்கொண்டே போகிறது. சமையலறையை இடித்துப் போட்டுவிட்டு ஆட்கள் மறைந்துவிடுகிறார்கள். எப்போது வருவீர்கள் என்று கேட்டால் ‘நொர்மால்மான்’ என்ற சொல்லோடு ஒரு தேதி வரும். ‘வழக்கப்படி பார்த்தால்’ என்று பொருள். நம் ஊர் மேஸ்திரியின் ‘பார்ப்போம் சார், அனேகமா திங்கட்கிழமை’ போலத்தான். டிசம்பரில் மெய்லின் மனைவி ஒரு வழி கண்டுபிடிக்கிறார். வேலை முடிந்ததைக் கொண்டாட எல்லாத் தொழிலாளர்களையும் மனைவிமாரோடு விருந்துக்கு அழைக்கிறார். தன் பங்கு வேலை அரைகுறையாகக் கிடப்பதை மனைவி முன்னால் பார்க்க யாருக்கும் மனமில்லை. எல்லாம் முடிந்துவிடுகிறது.

ஆங்கில வாசகர்கள் மிகவும் ரசித்த இடங்களில் இது ஒன்று. கட்டுமானத் தொழில் தெரிந்தவருக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். கல் சுவரைப் பூசும் சுண்ணாம்புக் காரை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஒழுங்காகப் பிடிக்காது. பூசிய ஈரத்தின்மேல் உறைபனி விழுந்தால் உதிரும்; மிஸ்த்ரால் எனப்படும் வறண்ட வடக்குக் காற்று அடித்தால் மேல்பக்கம் மட்டும் காய்ந்து வெடிக்கும். ஆகவே குளிர்காலத்தில் கொத்தனார் வெளிவேலையை நிறுத்துவது சோம்பல் ஆகாது. பிளம்பர் கதையும் அப்படித்தான். அந்தப் பகுதியின் பழைய பண்ணை வீடுகள் வடக்குக் காற்றுக்கு முதுகைக் காட்டிக் கட்டப்பட்டவை. அந்தப் பக்கம் சன்னல் அபூர்வம். கோடைக்கு மட்டும் வந்து போகும் சொந்தக்காரர்கள் வெளிச்சுவரை ஒட்டிக் குழாய் இழுத்து, மேலே உறை சுற்றாமல் விட்டுவிடுவார்கள். ஒரே குளிர் இரவில் பள்ளத்தாக்கு முழுக்கப் பல வீடுகளில் குழாய் வெடிக்கும்போது, பிளம்பர் நம் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு ஓடுவது நியாயம்தானே. தாமதத்துக்குக் காரணம் தொழிலில் இருக்கிறது. புத்தகமோ அதை ஆளின் குணமாகக் காட்டுகிறது. உள்ளூர் வாசகருக்கு வரும் எரிச்சலின் வேர் பெரும்பாலும் இங்கேதான்.

இதைவிட நுட்பமான இடம் திராட்சைத் தோட்டம். வீட்டோடு சேர்ந்து வந்த கொடிகளைப் பக்கத்து விவசாயி பார்த்துக்கொள்கிறார். புதுக் கொடிகளுக்கான செலவு சொந்தக்காரருடையது, உழைப்பு விவசாயியுடையது. விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு, ஒரு பங்கு வீட்டுக்காரருக்கு. நம் வாரச் சாகுபடிதான். வாசிப்பவர் மனத்தில் இது கிராமத்து நல்லுறவாகவும் கைகுலுக்கி முடித்த ஏற்பாடாகவும் பதிகிறது. ஆனால் வாரச் சாகுபடியில் நிலச் சொந்தக்காரரின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரான்ஸில் வந்த குத்தகைச் சட்டம். குத்தகைக் காலம் பொதுவாகக் குறைந்தது 9 ஆண்டு. நிலம் விலைக்கு வந்தால், உழுதுகொண்டிருப்பவருக்கே முதலில் வாங்கும் உரிமை. இதை அறிந்த பிரெஞ்சுக்காரர் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது, தாராள மனம் படைத்த வெளிநாட்டவர் கண்ணில் படமாட்டார். தன் உரிமையை நன்றாகத் தெரிந்த, வாயைத் திறக்காமல் புன்னகைக்கும் ஒரு விவசாயிதான் தெரிவார்.

புத்தகத்தைக் கைவிளக்காக எடுத்துக்கொண்டு கிளம்பியவர்களுக்கு வருவோம். 2000இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி வெளிநாட்டில் வீடு தேடுவோரைப் பற்றிய நிகழ்ச்சியையே தொடங்கிவிட்டது. அந்த அளவுக்கு ஆசை பரவியிருந்தது. வெயில், சந்தை, ஒயின் எல்லாம் புத்தகத்தில் இருந்தன. வீடு வாங்கும் நடைமுறை ஓரிரு பத்தியில் தாண்டிப் போயிருந்தது. ‘யாரும் எங்களுக்குச் சொல்லவே இல்லை’ என்ற புலம்பல் பிறந்தது இந்த இடைவெளியில்தான்.

நடைமுறை இப்படி. முதலில் ‘கொம்ப்ரோமி’ எனப்படும் விற்பனை ஒப்பந்தம். கையெழுத்திட்டதும் வழக்கமாக விலையில் 5 முதல் 10 சதவீதம் முன்பணம். ஒப்பந்தப் பிரதி பதிவுத் தபாலில் முதன்முறை வீடு தேடி வந்த மறுநாளிலிருந்து 10 நாள் வரை, வாங்குபவர் காரணமே சொல்லாமல் பின்வாங்கலாம். (2015 வரை இது 7 நாளாக இருந்தது.) விற்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. 10 நாள் கழிந்த பிறகு மனம் மாறினால் முன்பணம் போனதுதான். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்பதுபோன்ற நிபந்தனை எழுத்தில் இருந்தால் மட்டும் தப்பலாம். ரொக்கத்துக்கு வாங்குவதாகச் சொல்லி அந்த நிபந்தனையைக் கைவிட்டவர்கள் பிற்பாடு அழுதிருக்கிறார்கள்.

ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் இடையே சுமார் மூன்று மாதம் ஓடும். அதற்குள் நோட்டேர் என்ற அரசு அங்கீகாரம் பெற்ற சட்ட அலுவலர் மூலப்பத்திரங்களையும் வில்லங்கத்தையும் பார்ப்பார். இருதரப்புக்கும் ஒரே நோட்டேர் இருக்கலாம். ஆளுக்கொருவர் வைத்துக்கொண்டாலும் கட்டணம் அதிகமாகாது, அவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். மொழி தெரியாத வாங்குபவர் தனக்கென ஒருவரை வைத்துக்கொள்ளாமல் போவது வீண் சிக்கனம். பழைய வீட்டுக்கு இந்தச் செலவு மொத்தம் விலையில் 7–8 சதவீதம் ஆகும். அதில் பெரும்பகுதி வரி. நோட்டேர் கொள்ளையடித்தார் என்று எழுதுபவர்களுக்கு இந்த விவரம் தெரிவதில்லை.

கிராமத்து வீடென்றால் இன்னும் மூன்று கண்ணிகள் உண்டு. விவசாய நிலம் சேர்ந்திருந்தால் ‘சாஃபேர்’ என்ற கிராம நில அமைப்புக்கு அறிவிப்புப் போகவேண்டும். இரண்டு மாதத்துக்குள் அந்த நிலத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் உரிமை அதற்கு உண்டு. அடுத்தது, பாதாளச் சாக்கடை எட்டாத வீடுகளின் செப்டிக் டேங்க். விற்பவர் 3 ஆண்டுக்குள் எடுத்த ஆய்வு அறிக்கையைத் தர வேண்டும். விதிப்படி இல்லையென்றால், வாங்கியவர் ஓராண்டுக்குள் சரிசெய்ய வேண்டும். அந்தச் செலவை விலை பேசும்போதே கழிக்காதவர் பிறகு கேட்க முடியாது. மூன்றாவது, நிலத்தின் எல்லை. வரைபடத்தில் கோடு இருப்பதும், சர்வேயர் வந்து இருதரப்பும் கையெழுத்திட்டுக் கல் நடுவதும் வேறுவேறு. கிணற்றுக்குப் போகும் வழி அடுத்தவர் நிலத்தில் இருந்தால், அந்த வழியுரிமை பத்திரத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

பிறகு நீச்சல் குளம். இந்த வகை நூல்களின் அட்டையில் அது நீலமாக மின்னும். கூரையில்லாத குளம் 10 சதுர மீட்டரைத் தாண்டினால் நகராட்சிக்கு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் முழு அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்துக்கு 500 மீட்டர் சுற்றளவில் வீடு இருந்தால், சன்னல் கதவின் வண்ணத்துக்குக்கூட அரசுக் கட்டடக் கலைஞரின் கருத்து தேவைப்படலாம். லுபெரோன் மலைக் கிராமங்களில் அப்படிப்பட்ட வளையத்துக்கு வெளியே வீடு தேடுவதுதான் சிரமம். வேலைக்கு ஆள் பிடிக்கும்போது கேட்க வேண்டிய தாள் ஒன்றுதான்: 10 ஆண்டு கட்டுமானக் காப்பீட்டுச் சான்று. சொந்த நாட்டிலிருந்து வந்து கைக்காசுக்கு வேலை செய்யும் ‘நம்மாள்’ பலரிடம் அது இருக்காது. மூன்றாம் ஆண்டு கூரை ஒழுகும்போதுதான் அந்த வித்தியாசம் உறைக்கும்.

மெய்ல் குடியேறியபோது பிரிட்டனும் பிரான்ஸும் ஒரே ஐரோப்பிய சமூகத்தில் இருந்தன. இன்று அதே பிரிட்டிஷ் வாசகர் 180 நாளில் 90 நாளுக்குமேல் பிரான்ஸில் தங்க நீண்டகால விசா எடுக்க வேண்டும். வீடு சொந்தம் என்பது அதற்கு எந்தச் சலுகையும் தராது. 1989இல் நடக்கக்கூடிய கனவாகப் படித்த நூலை இப்போது எடுப்பவர்கள் பழங்காலக் கதையாகப் படிக்கிறார்கள். எழுத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

‘ஊரைக் கெடுத்தது இந்தப் புத்தகம்தான்’ என்ற குற்றச்சாட்டைப் பொறுத்தவரை, பாதிதான் ஒப்புக்கொள்ளலாம். மெனெர்ப் கன்னிநிலமாக இருந்ததில்லை. ஓவியர் நிக்கோலா த ஸ்தேல் 1953இலேயே அங்கே ஒரு கோட்டை வீட்டை வாங்கினார்; பிக்காசோவின் தோழியாக இருந்த ஓவியர் தோரா மாருக்கும் அவ்வூரில் வீடு இருந்தது. பாரிஸ்காரர்களின் கோடை வீடுகள் அதன்பின் பெருகின. 1977இல் லுபெரோன் வட்டாரம் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. புதுக் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு வந்தால் இருக்கிற கல் வீடுகளின் விலை ஏறத்தான் செய்யும். 2001 ஜூனில் அதிவேக ரயில் பாதை திறந்தபோது பாரிஸிலிருந்து, லுபெரோனுக்குப் பக்கத்து நகரமான அவிஞோன் இரண்டு மணி நாற்பது நிமிடப் பயணமாகிவிட்டது. புத்தகம் கொண்டுவந்தது விலையைவிட வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை. பிரெஞ்சு அரசோ 2002இல் மெய்லுக்கு லெஜியோன் தொனர் விருதே கொடுத்தது. இந்த நூலை வைத்து 1993இல் பிபிசி எடுத்த தொலைக்காட்சித் தொடர் பலத்த அடி வாங்கியதற்குக் காரணம் வேறு: கதைசொல்லி தன்னையே கிண்டல் செய்துகொள்ளும் குரல்தான் நூலின் உயிர், அதை எடுத்துவிட்டால் திரையில் மிஞ்சுவது வேலைக்காரர்களைப் பார்த்து முகம் சுளிக்கும் ஒரு பணக்கார வெள்ளைக்காரர்.

அந்தக் குரலின் அளவைப் பொறுத்தே எதிர்வினையின் சூடு மாறுகிறது. ஸ்பெயினின் அல்புஹாரா மலைப்பகுதியில் ஆற்றுக்கு அக்கரையில் பண்ணை வாங்கிய கிரிஸ் ஸ்டூவர்ட், 1999இல் வெளிவந்த நூலில் பாலமும் தண்ணீரும் இல்லாமல் திண்டாடும் முட்டாளாகத் தன்னையே நிறுத்துகிறார். அவர் பிழைப்பு செம்மறியாட்டுக்கு ரோமம் கத்தரிப்பது. மின்கத்தரியோடு அடுத்தவர் பட்டிக்குப் போய், உள்ளூர்க்காரர்கள் சுற்றி நின்று பார்க்க வேர்வை சிந்துகிறார். அங்கே கூலி வாங்குபவர் அந்நியர், கொடுப்பவர் உள்ளூர்க்காரர். பணம் திசைமாறிப் போகிறது. ஆகவே கிண்டலும் திசைமாறுகிறது. அந்த நூலின்மேல் கோபம் ஒப்பீட்டளவில் குறைவாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம் என்றே தோன்றுகிறது.

எல்லா எதிர்வினைக்கும் அடியில் ஒரு சொல் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வறிய நாட்டிலிருந்து வந்தவரை ‘இமிகிரண்ட்’ என்றும், தன்னைப் போன்றவரை ‘எக்ஸ்பாட்’ என்றும் ஆங்கிலம் பிரித்துச் சொல்கிறது. தமிழில் புலம்பெயர்ந்தவர் என்றால் கண்முன் வருவது போரிலோ வறுமையிலோ ஊரை விட்டவரின் முகம். திராட்சைத் தோட்டத்தோடு வீடு வாங்கியவரை அந்தச் சொல்லில் அடக்க நமக்கே கூச்சமாக இருக்கிறது. இவ்வகை நூல்களின் இளைய வாசகர்கள் இப்போது அதிகம் கேட்பதும் இதைத்தான்: இருபது ஆண்டாகியும் மொழி கற்காத பக்கத்து வீட்டுக்காரரை வேறு எந்த நாட்டவராக இருந்தால் இவ்வளவு செல்லமாக எழுதியிருப்பார்கள்?

மண்ணின் மைந்தர்களின் பதில் பெரும்பாலும் தேநீர்க் கடைப் பேச்சோடு போய்விடும். புத்தகமாகவே வந்த இடம் சைப்ரஸ். பெல்லாபைஸ் கிராமத்தில் வீடு வாங்கி 1953 முதல் மூன்றாண்டு தீவில் இருந்த லாரன்ஸ் டரல், 1957இல் ‘கசப்பு எலுமிச்சை’ என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். ஒரு துருக்கியத் தரகர் வீட்டு விலையைப் பேசி முடிக்கும் காட்சி இன்றும் இவ்வகை எழுத்தின் உச்சமாகப் பேசப்படுகிறது. ஆனால் டரல் வெறும் வீட்டுக்காரராக மட்டும் அங்கே இல்லை. நிக்கோசியாவில் ஆங்கில ஆசிரியராக இருந்து, பிறகு காலனி அரசின் செய்தித் துறைப் பொறுப்பில் அமர்ந்தவர். 1955 ஏப்ரல் 1இல் ஆங்கில ஆட்சிக்கு எதிரான ஆயுதப் போராட்டம் வெடித்தபோது அவர் அந்த நாற்காலியில்தான் இருந்தார். நூலிலோ நல்ல கிராமவாசிகள் யாரோ தூண்டிவிட்டதால் மாறிப்போகிறார்கள். ஏன் மாறினார்கள் என்பதை அவர்கள் வாயால் கேட்க முடிவதில்லை.

கிரேக்கத் தூதரகப் பணியில் இருந்த எழுத்தாளர் ரோதிஸ் ரூஃபோஸ் 1960இல் ஒரு நாவலால் பதில் சொன்னார். சைப்ரஸ் கவிஞர் கோஸ்தாஸ் மொந்திஸ் 1964இல் ‘மூடிய கதவுகள்’ எழுதினார். அதே ஆண்டுகள், அதே தீவு. ஆனால் கதை சொல்வது ஊரடங்கின்போது கதவுக்கு உள்ளே இருந்த ஒரு சைப்ரஸ் சிறுவன். அதன் ஆங்கிலப் பதிப்பு, டரலின் நூலுக்கு விடை என்று அட்டையிலேயே அறிவித்துக்கொண்டது. டரலைப் படித்தவர்களோடு ஒப்பிட்டால் இதைப் படித்தவர்கள் சொற்பம். கிரேக்கத்தில் எழுதிய சின்ன நாவலால் உலகச் சந்தையில் ஓடும் ஆங்கிலப் பயண நூலை எட்டிப் பிடிக்க முடியாது.

டரலின் நூலில் பெல்லாபைஸ் மடாலயத்தின் அருகே ‘சோம்பல் மரம்’ என்று ஒரு மரம் வரும். அதன் நிழலில் உட்கார்ந்தவருக்கு வேலை செய்யும் எண்ணமே போய்விடுமாம். இன்று அந்த ஊரில் இரண்டு மரங்கள் அந்தப் பெயருக்குப் போட்டி போடுகின்றன, இரண்டுக்கும் அடியில் கடை உண்டு. எது அசல் என்று பயணிகள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து வாதிடுகிறார்கள். 1974இல் தீவு இரண்டாகப் பிளந்த பிறகு, நூலில் அந்த நிழலில் உட்கார்ந்திருந்த கிரேக்கக் குடும்பங்கள் ஊரை விட்டுப் போகவேண்டி வந்தது. அவர்களின் வீடுகளில் தெற்கிலிருந்து பெயர்ந்து வந்த துருக்கியக் குடும்பங்கள் குடியேறின. கடைக்காரரிடம் கேட்டுத்தான் மரத்தை முடிவு செய்ய வேண்டும் என்றால், அவரவர் மரம்தான் அசல்.